கண் போன பிறகு வந்த விதிகள்: ஐஸ் ஹாக்கி வரலாறு தரும் ஒரு பாடம்



வரலாற்றுத் தாளில் காரணம், விளைவு கேட்கும் வினாக்களுக்கு மாணவர்கள் எழுதும் பதில் பெரும்பாலும் ஒரே நேர்க்கோட்டில் போகும். ஒரு விபத்து நடந்தது, மக்கள் கண் திறந்தார்கள், உடனே சட்டம் வந்தது என்று முடிந்துவிடும். உண்மையான வரலாறு இவ்வளவு சுலபமா நடக்காது. விபத்து நடந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் எதுவும் மாறாமல் இருக்கும். ஏன் மாறவில்லை என்று விளக்குவதுதான் நல்ல பதிலுக்கு அடையாளம்.

இதைப் பயிற்சி செய்ய நமக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு துறையிலிருந்து எடுத்துக்காட்டு எடுத்துக்கொள்வோம். ஹாக்கின்னு சொன்னதும் நமக்குப் புக்கிட் ஜாலில் திடலும் சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணமும் ஞாபகத்துக்கு வரும். இந்தக் கட்டுரை பேசுவது வேறு ஹாக்கி. கனடாவிலும் அமெரிக்காவிலும் பனித்தளத்தின் மேல் சறுக்கு காலணி அணிந்து ஆடும் ஐஸ் ஹாக்கி அது. அங்கே தொழில்முறை ஆட்டத்தின் உச்சம் தேசிய ஹாக்கி லீக். என்.எச்.எல். என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

நம் கேள்வி இதுதான். கனடாவில் பள்ளி வயதுப் பிள்ளைகள் முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் இல்லாமல் ஆடக்கூடாது என்ற கட்டுப்பாடு 1970களின் இறுதியிலேயே வந்துவிட்டது. அதே ஆட்டத்தைச் சம்பளத்துக்கு ஆடும் பெரியவர்களுக்குக் கண்ணை மறைக்கும் பாதிக் கவசம் கட்டாயமானது 2013இல்தான், அதுவும் புதிதாக வருபவர்களுக்கு மட்டும். ஆபத்து இரு தரப்புக்கும் ஒன்றுதான். பிறகு ஏன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி?

1. முதலில் ஆபத்து என்ன என்று பார்ப்போம்

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. கெட்டியான ரப்பர் வட்டு ஒன்றைத்தான் அடிப்பார்கள். அதன் விட்டம் 3 அங்குலம், தடிமன் 1 அங்குலம், எடை ஏறக்குறைய 160 கிராம். ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்கள். அப்போதுதான் பனித்தளத்தில் துள்ளாமல் வழுக்கிப் போகும். பலமான அடியில் அது மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். பிளஸ் நெடுஞ்சாலையில் நாம் ஓட்டக்கூடிய உச்ச வேகமே 110 கிலோமீட்டர் என்பதை ஒப்பிட்டுப் பாருங்க.

நம் கண் விழிக்குழி என்னும் எலும்புக் குழிக்குள் இருக்கிறது. கால்பந்து மாதிரி பெரிய பொருள் முகத்தில் பட்டால், அடியில் பெரும்பகுதியைக் குழியைச் சுற்றியுள்ள எலும்பு வாங்கிக்கொள்ளும். ஹாக்கி மட்டையின் நுனியோ வட்டின் விளிம்போ அப்படியில்லை. அவை நேராகக் குழிக்குள் புகுந்து விழியைத் தாக்கும் அளவு சிறியவை.

அடிபட்ட கண்ணில் பல வகைச் சேதங்கள் உண்டாகலாம். கண்ணின் முன்பகுதியில் இரத்தம் தேங்கலாம். குழியின் மெல்லிய எலும்பு உடையலாம். விழித்திரை கிழியலாம், அல்லது இடம்விட்டுப் பிரியலாம். கண்புரையும் கண் அழுத்த நோயும் காயம் ஆறிப் பல ஆண்டுகள் கழித்துக்கூட வரலாம். ஒரு கண்ணில் பார்வை குறைந்தாலே தூரத்தையும் ஆழத்தையும் கணிக்கும் திறன் குறைந்துவிடும். அந்தப் பக்கத்திலிருந்து பாய்ந்து வரும் எதிராளியையும் பார்க்க முடியாது. எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இதன் பிறகு தொழிலில் நீடிப்பது கடினம்.

2. ஒற்றைக் கண் மெக்கீ: வீரக் கதையும் அதன் பின்விளைவும்

நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் போவோம். ஃபிராங்க் மெக்கீ ஒட்டாவா அணியின் நட்சத்திரம். 1900ஆம் ஆண்டு ஓர் ஆட்டத்தில் அடிபட்டு ஒரு கண்ணில் பார்வையை இழந்தார். சில காலம் ஒதுங்கியிருந்தவர் மீண்டும் களத்துக்கு வந்தார். 1905 ஜனவரி 16 அன்று ஸ்டான்லி கிண்ணத்துக்காக டாசன் நகர அணியுடன் நடந்த ஆட்டத்தில் தனியாக 14 கோல் அடித்தார். ஒட்டாவா 23க்கு 2 என்ற கணக்கில் வென்றது. ஸ்டான்லி கிண்ண ஆட்டம் ஒன்றில் ஒருவர் அடித்த அதிகபட்ச கோல் எண்ணிக்கை இன்றும் அதுதான்.

முதல் உலகப் போர் வந்ததும் மெக்கீ கனடா இராணுவத்தில் சேர்ந்தார். 1916 செப்டம்பரில் பிரான்சின் சோம் போர்க்களத்தில் உயிரிழந்தார். ஒற்றைக் கண்ணோடு இராணுவ மருத்துவச் சோதனையில் எப்படித் தேறினார்? ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொன்னபோது குருட்டுக் கண்ணை மூடினாராம். அடுத்த கண்ணை மூடச் சொன்னபோது கையை மாற்றி மறுபடியும் அதே கண்ணை மூடினாராம். இப்படி ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

மாணவர்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். 14 கோல் என்பது ஆட்டக் குறிப்பில் பதிவான செய்தி. கையை மாற்றிய கதை வாய்வழியாக வந்தது. விடைத்தாளில் இரண்டையும் ஒரே எடையில் எழுதக்கூடாது. ஆனால் வாய்வழிக் கதை என்பதால் அதற்குப் பயனே இல்லை என்றும் ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு சமுதாயம் எதைக் கொண்டாடியது என்பதை அது காட்டும். கண் போனதை யாரும் தடுக்கப்பட வேண்டிய விபத்தாகப் பார்க்கவில்லை. கண் போன பிறகும் ஆடினாரே என்ற வீரத்தைத்தான் பார்த்தார்கள். அடுத்து வந்த பல தாமதங்களுக்கு வேர் இந்த மனப்போக்குதான்.

3. கோல் காவலரின் முகமூடி: 1959 முதல் 1979 வரை

வட்டு நேராகக் குறிவைத்து வருவது கோல் காவலரை நோக்கித்தான். ஆனாலும் பல பத்தாண்டுகள் அவர்கள் வெறும் முகத்தோடுதான் நின்றார்கள். 1930இல் கிளின்ட் பெனடிக்ட் தோல் முகமூடி ஒன்றைச் சில ஆட்டங்களில் அணிந்தார். அந்த வழக்கம் தொடரவில்லை.

1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில் ஆண்டி பாத்கேட் அடித்த வட்டு மான்ட்ரியல் அணியின் கோல் காவலர் ஜாக் பிளான்ட் முகத்தைக் கிழித்தது. உள்ளே போய்த் தையல் போட்டுக்கொண்ட பிளான்ட், முகமூடி இல்லாமல் திரும்ப வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் பயிற்சியின்போது ஏற்கனவே முகமூடி அணிந்து பழகியவர். பயிற்றுநர் டோ பிளேக்குக்கு அதில் விருப்பமே இல்லை. முகமூடி பார்வையை மறைக்கும் என்பது அவர் எண்ணம். ஆனால் அந்தக் காலத்தில் ஓர் அணியோடு ஒரே ஒரு கோல் காவலர்தான் பயணம் செய்வார். மாற்று ஆள் இல்லாத நிலையில் பயிற்றுநர் இணங்க வேண்டியதாயிற்று. மான்ட்ரியல் அன்று 3க்கு 1 என்று வென்றது. அதன் பிறகும் தோல்வியில்லாமல் தொடர்ந்து ஆடி, அந்தப் பருவத்தில் ஸ்டான்லி கிண்ணத்தையும் கைப்பற்றியது.

இங்கே காரணம் எது? காயம் மட்டும்தான் என்று எழுதினால் பாதி விடை. பிளான்டுக்கு முன் எத்தனையோ கோல் காவலர்களுக்கு முகம் கிழிந்திருக்கிறது, எதுவும் மாறவில்லை. அன்று பிளான்டின் கையில் பேரம் பேசும் பலம் இருந்தது, முகமூடி தயாராக இருந்தது, தொடர் வெற்றி எதிர்ப்பை அடக்கியது. மூன்றும் சேர்ந்ததால்தான் பழக்கம் மாறியது. அப்படியும் முகமூடி இல்லாத கடைசிக் கோல் காவலர் ஆண்டி பிரவுன் 1974 வரை என்.எச்.எல்.லில் ஆடினார்.

முகமூடி வந்ததோடு கதை முடிந்துவிடவில்லை. அப்போதைய முகமூடிகளில் கண்ணுக்கு நேராக ஓட்டைகள் இருந்தன. ஃபிலடெல்ஃபியா அணியின் பெர்னி பேரன்ட் 1974, 1975 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கிண்ணம் வெல்லக் காரணமாக இருந்தவர். 1979 பிப்ரவரி 17 அன்று தவறி வந்த ஒரு மட்டை நுனி அவர் முகமூடியின் ஓட்டைக்குள் புகுந்து வலக்கண்ணைத் தாக்கியது. 33 வயதிலேயே அவர் ஆட்டவாழ்க்கை முடிந்தது. இதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1972இல் கனடாவுக்கு எதிராக ஆடிய சோவியத் கோல் காவலர் விளாடிஸ்லாவ் ட்ரெட்டியாக் தலைக்கவசத்தோடு சேர்ந்த கம்பிக் கூண்டு அணிந்திருந்தார். வட அமெரிக்கர்கள் அதை நேரில் பார்த்தார்கள். பரவலாக ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. தீர்வு இருப்பது வேறு, அதை ஏற்பது வேறு!

4. ஒரு கண் மருத்துவரின் கணக்கு

இனி டொரோண்டோ நகரத்துக் கண் மருத்துவர் டாம் பாஷ்பியைச் சந்திப்போம். அவரிடம் ஹாக்கிக் காயங்களோடு வந்தவர்களில் பலர் பிள்ளைகள். ஒவ்வொரு காயத்தையும் தனித்தனி விபத்தாகப் பார்க்காமல், நாடு முழுவதும் உள்ள கண் மருத்துவர்களிடமிருந்து தகவல் திரட்டிக் கணக்கெடுக்கத் தொடங்கினார். 1974-75 பருவத்தில் மட்டும் கனடாவில் 250க்கும் மேற்பட்ட ஹாக்கிக் கண் காயங்கள் பதிவாகின. அவற்றில் 40க்கும் மேற்பட்ட கண்கள் பார்வையை இழந்தன.

கணக்கு ஒரு வாதத்தின் தன்மையையே மாற்றிவிடும் என்பதைக் கவனியுங்கள். "என் மகனுக்குக் கண் போயிடுச்சு" என்பது ஒரு குடும்பத்தின் துயரம். ஒரே பருவத்தில் இத்தனை கண்கள் போயின என்பது ஒரு நாட்டின் பிரச்சினை. பாஷ்பி அதோடு நிற்கவில்லை. கனடாவின் தர நிர்ணய அமைப்பில் சேர்ந்து, தலைக்கவசமும் முகக்கவசமும் எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்ற வரையறைகளை உருவாக்கப் பாடுபட்டார். மட்டை நுனி நுழைய முடியாத கம்பி இடைவெளி எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் வரும் வட்டைத் தாங்க வேண்டும் என்றெல்லாம் சோதித்தார்கள். அதன் பிறகு 1970களின் இறுதியில் சிறுவர் ஹாக்கியில் முழு முகக்கவசம் கட்டாயமானது. பிள்ளைகளின் கண் காயங்கள் வெகுவாகக் குறைந்தன. தரச்சான்று பெற்ற முழு முகக்கவசம் அணிந்து ஆடிய ஒருவர்கூட கண்ணை இழந்ததாக அவர் பதிவேட்டில் இல்லை.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. முகம் பத்திரமா இருக்குன்னு நினைச்சு பிள்ளைகள் இன்னும் முரட்டுத்தனமா மோதுவாங்க என்று சிலர் சொன்னார்கள். 1980களில் முதுகுத்தண்டுக் காயங்கள் கூடியதை டொரோண்டோ மருத்துவர்கள் சுட்டிக்காட்டியபோது இந்த வாதம் வலுப்பெற்றது. கனடா கவசத்தைக் கழற்றவில்லை. பின்னாலிருந்து மோதித் தள்ளுவதைத் தடுக்கும் கடும் விதிகளைக் கொண்டுவந்தது. ஒரு தீர்வு புதுச் சிக்கலைத் தந்தால் பழைய நிலைக்கே திரும்புவது ஒன்றுதான் வழி என்பதில்லை.

5. நீதிமன்றம் வரை போன இரு கண்கள்

பிள்ளைகளுக்கு விதி உருவான அதே காலத்தில் பெரியவர்களின் ஆட்டத்தில் என்ன நடந்தது? இரு வழக்குகளைப் பார்ப்போம்.

முதலாவது ஹென்றி பூச்சா. அமெரிக்கப் பூர்வகுடிகளான ஒஜிப்வே இனத்தைச் சேர்ந்தவர். 1972 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க அணியில் ஆடியவர். 1975 ஜனவரி 4 அன்று மினசோட்டாவில் நடந்த ஆட்டத்தில் பாஸ்டன் வீரர் டேவ் ஃபோர்ப்ஸ் மட்டையின் பிடிமுனையால் அவரைத் தாக்கினார். கண்ணைச் சுற்றிய எலும்பு உடைந்து பார்வை பாதிக்கப்பட்டது. லீக் ஃபோர்ப்ஸை 10 ஆட்டங்களுக்குத் தடை செய்தது. மினசோட்டா அரசுத் தரப்போ அவர் மேல் குற்றவியல் வழக்கே தொடுத்தது. தொழில்முறை ஆட்டத்துக்குள் நடந்த செயலுக்காக ஒரு வீரர் அமெரிக்காவில் இப்படி வழக்கைச் சந்தித்தது அதுவே முதல் முறை என்பார்கள். ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர முடியாததால் தண்டனை எதுவும் இல்லை. பூச்சா 26 வயது நிரம்புமுன்பே தொழில்முறை ஆட்டத்தை விட்டு விலகினார்.

இரண்டாவது கிரெக் நீல்ட். 1973இல் இளையோர் ஆட்டத்தில் இடக்கண்ணை இழந்தார். முகத்தை மறைக்கும் சிறப்புக் கவசம் ஒன்றைச் செய்துகொண்டு மீண்டும் ஆடினார். 1975இல் பஃபலோ அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் என்.எச்.எல். அனுமதிக்கவில்லை. ஒரு கண் இல்லாதவரோ, ஒரு கண்ணின் பார்வை 3/60 அல்லது அதற்கும் கீழே உள்ளவரோ ஆடக்கூடாது என்பது லீக்கின் விதி. 3/60 என்றால், சாதாரணக் கண் 60 மீட்டர் தூரத்தில் பார்ப்பதைப் பார்க்க 3 மீட்டருக்குக் கிட்டே வர வேண்டும். நீல்ட் வழக்குத் தொடுத்தார். பாதுகாப்புக்கான விதிதான், போட்டியைத் தடுக்க வந்ததல்ல என்று கூறி 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் லீக்கின் பக்கம் தீர்ப்பளித்தது. போட்டி லீக்கான உலக ஹாக்கி சங்கத்தில் மட்டுமே அவரால் உயர்மட்டத்தில் ஆட முடிந்தது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்க. ஒரு கண் போனவர் ஆடுவது ஆபத்து என்று லீக் விதி வைத்திருந்தது. நீதிமன்றம் வரை போய் அதைக் காத்தது. இரண்டு கண்ணும் உள்ளவர்கள் ஒரு கண்ணை இழக்காமல் இருக்க விதி எதுவும் வைக்கவில்லை! இந்த முரண்பாட்டைத்தான் உங்கள் விடை விளக்க வேண்டும்.

6. பெரியவர்கள் ஏன் மறுத்தார்கள்?

முதல் காரணம் கௌரவம். தலைக்கவசக் கதையும் இதேதான். 1968 ஜனவரியில் மினசோட்டா வீரர் பில் மாஸ்டர்டன் தலைக்கவசமின்றி ஆடித் தலையில் அடிபட்டு இறந்தார். என்.எச்.எல். ஆட்டத்தில் பட்ட காயத்தால் நேரடியாக இறந்த ஒரே வீரர் அவர். ஆனாலும் தலைக்கவச விதி வர 1979 ஆகிவிட்டது. முகத்தில் கண்ணாடி போட்டவன் பயந்தாங்கொள்ளி என்ற பேச்சு அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தது. 2004இல் கனடாவின் புகழ்பெற்ற தொலைக்காட்சி வர்ணனையாளர் டான் செர்ரி, ஐரோப்பியர்களும் பிரெஞ்சு வழியினரும்தான் அதிகம் கவசம் போடுகிறார்கள் என்று பேசிப் பெரிய சர்ச்சையைக் கிளப்பினார்.

இரண்டாவது காரணம் பார்வை. வைசர் எனப்படும் பாதிக் கண்ணாடிக் கவசம் வியர்வையில் மங்கும், பனித்தூள் படியும், கீறல் விழும். நொடிக்குள் முடிவெடுக்கும் ஆட்டத்தில் இது உண்மையான சிரமம்தான். மூன்றாவது காரணம் வேலை பற்றிய பயம். அணியில் இடம் நிச்சயமில்லாத இளைஞன் தன்னைப் பலவீனமாகக் காட்டிக்கொள்ள விரும்பமாட்டான். நான்காவது காரணம் உரிமை. கவசம் அணிவது தனி வீரரின் விருப்பம் என்பதே வீரர்கள் சங்கத்தின் நெடுங்கால நிலைப்பாடு.

சிறுவயது முழுக்கக் கூண்டுக்குப் பின்னால் ஆடிப் பழகியவர்கள்தான் தொழிலுக்கு வந்ததும் அதைக் கழற்றினார்கள். அனைத்துலக ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பின் போட்டிகளில் 1974 டிசம்பர் 31க்குப் பின் பிறந்த எல்லாரும் குறைந்தது வைசராவது அணிய வேண்டும். அதனால் ஒலிம்பிக்கில் வைசரோடு ஆடிவிட்டு, என்.எச்.எல்.லுக்குத் திரும்பியதும் சிலர் அதைக் கழற்றி வைத்தார்கள். அதே ஆள், அதே கண். விதி மட்டும்தான் வேறு.

7. பிரையன் பெரார்ட் கொடுத்த விலை

2000 மார்ச் 11, ஒட்டாவா. டொரோண்டோ அணியின் தற்காப்பு வீரர் பிரையன் பெரார்டுக்கு அப்போது 23 வயது. 1997இல் சிறந்த புதுமுக வீரர் விருது பெற்றவர். வைசர் அணிந்திருக்கவில்லை. ஒட்டாவா வீரர் மரியான் ஹோசா வட்டை அடித்த வேகத்தில் மேலெழுந்த மட்டை பெரார்டின் வலக்கண்ணில் பட்டது. ஹோசா வேண்டுமென்று செய்யவில்லை. கண்ணையே எடுக்க வேண்டியிருக்குமோ என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். பல அறுவை சிகிச்சைகள் நடந்தன. அந்தக் கண்ணில் மிஞ்சிய பார்வை 20/600.

நீல்ட் வழக்கில் பார்த்த விதி இங்கே மறுபடியும் வருகிறது. 3/60 என்பதை அடிக் கணக்கில் சொன்னால் 20/400. பெரார்டின் பார்வை அதற்கும் கீழே. மீண்டும் ஆடவே முடியாது என்ற நிலையில் 65 இலட்சம் அமெரிக்க டாலர் காப்புறுதித் தொகை அவருக்குக் கிடைத்தது. பிறகு சிறப்புக் கண்வில்லை ஒன்றை அணிந்து 20/400ஐ எட்டினார். ஆடத் திரும்ப வேண்டுமானால் அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். தந்துவிட்டு, 2001இல் நியூயார்க் அணிக்காகக் களமிறங்கினார், இம்முறை வைசரோடு. 2004இல் விடாமுயற்சிக்கான விருது அவருக்குக் கிடைத்தது. அந்த விருதின் பெயர் பில் மாஸ்டர்டன் நினைவு விருது.

மனதைத் தொடும் கதைதான். ஆனால் மெக்கீயின் கதையை எப்படிப் படித்தோமோ அப்படியே இதையும் படிக்க வேண்டும். தனிமனிதர் ஒருவர் மீண்டு வந்ததைப் பாராட்டி விருது தருவது எளிது. அடுத்தவருக்கு அந்தக் காயம் வராமல் விதி செய்வதுதான் கடினமாக இருந்தது. பெரார்டுக்குப் பிறகும் லீக்கில் வைசர் கட்டாயமாகவில்லை.

8. 2013: விதி எப்படி வந்தது?

காயங்கள் தொடர்ந்தன. 2004 மே மாதத்தில் டெட்ராய்ட் அணித்தலைவர் ஸ்டீவ் ஐசர்மன் இடக்கண் அருகே வட்டு தாக்கி எலும்பு உடைந்தது. 2011 மார்ச் 16 அன்று வான்கூவர் வீரர் மேனி மல்ஹோத்ராவின் இடக்கண்ணில் வட்டு பாய்ந்தது. பஞ்சாபி வம்சாவளித் தந்தைக்குப் பிறந்த கனடியர் இவர். அதே ஆண்டு ஜூனில் முழு முகக்கவசத்தோடு கிண்ண இறுதிச் சுற்றில் ஆடவும் வந்தார். ஆனால் பக்கவாட்டிலிருந்து வரும் மோதல்களைப் பார்க்க முடியவில்லை என்பதால் 2013இல் அணி நிர்வாகமே அவருடைய பாதுகாப்பைக் கருதி ஓரங்கட்டி வைத்தது. 2011 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவின் கிறிஸ் பிராங்கர் வலக்கண்ணில் மட்டை பட்டது. சில வாரங்களில் அவர் ஆட்டவாழ்க்கையே முடிந்தது. 2013 மார்ச் 5 அன்று நியூயார்க்கின் மார்க் ஸ்டாலின் வலக்கண்ணில் திசைமாறிய வட்டு பட்டது. அவரும் வைசர் அணிந்திருக்கவில்லை.

2013 ஜூனில் லீக்கும் வீரர்கள் சங்கமும் உடன்பாட்டுக்கு வந்தன. 25 ஆட்டங்களுக்கு மேல் ஆடியிராத எல்லாரும் 2013-14 பருவம் முதல் வைசர் அணிய வேண்டும். அதற்கு மேல் ஆடியவர்கள் விரும்பினால் அணியலாம். 1979 தலைக்கவச விதியும் இதே அச்சுதான். அவ்வாண்டு ஜூன் 1க்கு முன் ஒப்பந்தம் செய்தவர்களுக்கு அப்போது விலக்கு இருந்தது. அந்த விலக்கோடு ஆடிய கடைசி வீரர் கிரெய்க் மெக்டாவிஷ் ஓய்வு பெற்றது 1997இல். இன்று வைசர் இல்லாமல் ஆடுபவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஸ்டாலின் காயம்தான் காரணமா? அது உடனடிக் காரணம். பின்னணியையும் சேர்த்துக்கொள்ளுங்க. அதற்குள் வீரர்களில் ஏறக்குறைய 73 விழுக்காட்டினர் தாமாகவே வைசர் அணியத் தொடங்கியிருந்தார்கள். அடுத்த நிலையில் உள்ள அமெரிக்க ஹாக்கி லீக் 2006இலேயே அதைக் கட்டாயமாக்கியிருந்ததால், அங்கிருந்து மேலே வந்த இளைஞர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. விதி ஒரு பழக்கத்தைத் தொடங்கி வைக்கவில்லை. ஏற்கனவே பரவிவிட்ட பழக்கத்தை உறுதிப்படுத்தியது. பிள்ளைகளின் விதி வேகமாக வந்ததற்குக் காரணமும் இப்போது தெளிவாகும். பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். கையில் ஒரு மருத்துவரின் கணக்கு இருந்தது. தொழில்முறை வீரர்களோ தங்களுக்குத் தாங்களே முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஆபத்தில் இருந்தவர்களே மாற்றத்தை எதிர்த்தார்கள்.

காலக்கோடு

1900 - மெக்கீ ஒரு கண்ணில் பார்வை இழக்கிறார்
1959 - பிளான்ட் முகமூடியோடு ஆடுகிறார்
1968 - மாஸ்டர்டன் மரணம்
1974-75 - பூச்சா காயம். பாஷ்பியின் கணக்கெடுப்பில் 40க்கும் மேற்பட்ட கண்கள் இழப்பு
1970களின் இறுதி - கனடாவில் சிறுவர்களுக்கு முழு முகக்கவசம் கட்டாயம்
1979 - பேரன்ட் காயம். நீல்ட் வழக்கின் தீர்ப்பு. புதியவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம்
2000 - பெரார்ட் காயம்
2013 - ஸ்டால் காயம். புதியவர்களுக்கு வைசர் கட்டாயம்

வகுப்பறைக்குச் சில வினாக்கள்

1. பிளான்டின் முகமூடி நிலைத்ததற்கான மூன்று காரணங்களைக் குறிப்பிட்டு, அவற்றில் முதன்மையானது எது என்று காரணத்தோடு விளக்குக.
2. மெக்கீயின் மருத்துவச் சோதனைக் கதையை ஒரு வரலாற்று மாணவர் எவ்வாறு பயன்படுத்தலாம்?
3. பழைய வீரர்களுக்கு விலக்கு அளித்தது சரியா? இரு தரப்பு வாதங்களையும் எழுதுக.
4. உயர்நிலைச் சிந்தனை வினா: நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் போன்ற ஒரு பாதுகாப்பு விதியை எடுத்துக்கொண்டு, அதற்கு வந்த எதிர்ப்பை இக்கட்டுரையில் கண்ட நான்கு காரணங்களோடு ஒப்பிடுக.

ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. நம் பள்ளிகளில் ஆடும் திடல் ஹாக்கியிலும் கண்ணுக்கு ஆபத்து உண்டு. பெனால்டி கார்னரைத் தடுக்க நிற்கும் வீரர்கள் முகமூடி அணிய அனைத்துலக விதிகள் இடம் தருகின்றன. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 2011இல் திடல் ஹாக்கிக்குக் கண் கவசம் கட்டாயமாக்கப்பட்டது. ஹாக்கிக் குழுவுக்குப் பொறுப்பாசிரியராக இருப்பவர்கள், அடுத்த பயிற்சிக்கு முன் விளையாட்டு அறையில் முகமூடி எத்தனை இருக்கு, கீறலும் உடைசலும் இல்லாமல் இருக்கா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாஷ்பி செய்ததுபோல் காயக் குறிப்பேடு ஒன்றையும் தொடங்குங்கள். தேதி, காயம், அணிந்திருந்த கவசம் என்று மூன்று பத்தி போதும். வாங்கித் தரச் சொல்லிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேட்கும்போது, கையில் கணக்கு இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.